ஆழிக்குமரன் விட்டுச்சென்ற கணக்கு

இலங்கையின் தலைமன்னாருக்கும் இந்தியாவின் தனுஷ்கோடிக்கும் இடையே கிடக்கும் கடல் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுடையது. 1971-இல் ஒருவர் அதை நீந்திக் கடந்தார். கடந்த பின் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை; மீண்டும் கடலில் இறங்கி, புறப்பட்ட கரைக்கே நீந்தித் திரும்பினார். போகவும் வரவும் ஆன நேரம் 51 மணி. இரண்டு பகல், இரண்டு இரவு, அதற்கு மேலும் மூன்று மணி நேரம்.

அவருடைய முழுப்பெயர் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். சாதனைப் பதிவேடுகளில் வி. எஸ். குமார் ஆனந்தன் என்றும், தமிழர் நாவில் ஆழிக்குமரன் ஆனந்தன் என்றும் வழங்கும் பெயர் அவருடையதே. ஏழு உலக சாதனைகளுக்கு உரியவர். 1943 மே 25-இல் பிறந்து, 1984 ஆகஸ்ட் 6-இல், 41-ஆம் வயதில், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்று உயிர் நீத்தவர். இவ்விரு தேதிகளுக்கும் இடைப்பட்ட வாழ்க்கையை வெறும் வீரக்கதையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதற்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. ஒரு சிறிய நாட்டுக்குச் சாதனை எங்கிருந்து வருகிறது, அதன் விலையை யார் தருகிறார்கள் என்பதே அந்தக் கணக்கு.

ஆனந்தனின் ஊர் இலங்கையின் வடமுனையில் உள்ள வல்வெட்டித்துறை. அது கடலையே வயலாகக் கொண்ட ஊர். மரக்கலம் கட்டுவதிலும் செலுத்துவதிலும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள் அங்கு வாழ்ந்தார்கள். அவ்வூரில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். அக்கப்பல் 1938-இல் வல்வெட்டித்துறை மாலுமிகளால் செலுத்தப்பட்டு, அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இயந்திரக் கப்பல்களின் காலம் வந்துவிட்ட பிறகு, கைத்தொழிலால் கட்டிய கலம் ஒன்று உலகின் மறுபக்கத்துக்குச் சென்று சேர்ந்தது அந்தக் கரைக்கே உரிய பெருமை. அப்படிப்பட்ட ஊரில் கடல் என்பது அஞ்ச வேண்டிய எல்லை அன்று. போய்வர வேண்டிய வழி.

நீந்திக் கடந்தவர்களிலும் ஆனந்தன் முதல்வர் அல்லர். வல்வெட்டித்துறைக்குப் பக்கத்தில் உள்ள தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, 1954 மார்ச் மாதம் வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்தித் தமிழகத்தின் கோடியக்கரையை அடைந்தார். பாக் நீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் என்ற பெருமை அவருக்கு உரியது. அப்போது ஆனந்தன் பதினொரு வயதை எட்டாத சிறுவர். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1966 ஏப்ரலில், வங்கத்தைச் சேர்ந்த மிஹிர் சென் இலங்கைக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடலை 25 மணி நேரத்துக்கும் மேலாக நீந்திக் கடந்தார்.

ஆகவே ஒருவழியாகக் கடப்பதில் புதிதாகச் சாதிக்க ஆனந்தனுக்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை. முதல்வராக வேண்டுமானால், முன்னவர்கள் முடித்த இடத்தில் அவர் தொடங்க வேண்டியிருந்தது. போய்த் திரும்புவது என்ற முடிவின் பொருள் அதுதான்.

நிலத்தில் வாழும் நமக்கு 51 மணி நேர நீச்சல் எளிதில் பிடிபடாது. சுமார் 60 கிலோமீட்டரை 51 மணியில் கடப்பது மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் குறைந்த வேகம். சாதாரணமாக நடப்பவரின் வேகத்தில் நான்கில் ஒரு பங்கு. எனவே இது வேகத்தின் சாதனை அன்று, நிறுத்தாமையின் சாதனை. உப்பு நீரில் நாள் முழுதும் கிடக்கும் உடலில் நாக்கு தடிக்கும். அக்குளும் கழுத்தும் உராய்ந்து தோல் உரியும். துணைப்படகில் இருப்பவர்கள் நீட்டும் உணவை, படகைத் தொடாமல், மிதந்தபடியே உண்ண வேண்டும். சொறி என்று மீனவர்கள் சொல்லும் இழுதுமீன் தீண்டினால் தீயால் சுட்டதுபோல் எரியும். ஆழம் குறைந்த அந்தக் கடலில் நீரோட்டம் திசை மாறும்போது, நீந்தி முன்னேறிய தொலைவைக் கடலே திருப்பி எடுத்துக்கொள்ளும். இவை எல்லாவற்றையும் விடக் கொடியது தூக்கம். இரண்டாவது இரவில் உடல் கேட்பது கரையை அன்று, கண்ணை மூடும் ஒரு கணத்தை. அந்தக் கணத்தைக் கொடுத்தால் எல்லாம் முடிந்தது.

ஆனந்தன் திரும்பிய இடமான தனுஷ்கோடி அப்போது இடிந்த ஊர். 1964 டிசம்பர் புயலில் ரயிலும் நிலையமும் துறைமுகமும் வீடுகளும் அழிந்த பின், இரு நாடுகளையும் இணைத்த ரயில்-கப்பல் வழியில் அந்த ஊருக்கு இருந்த இடமும் அழிந்தது. இன்னொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. இந்தியாவும் இலங்கையும் அந்தக் கடலில் எல்லைக் கோடு வரைந்த ஒப்பந்தங்கள் 1974-லும் 1976-லும் வந்தவை. ஆனந்தன் இருமுறை கடந்த கடலில் அந்தக் கோடு இன்னும் விழுந்திருக்கவில்லை.

இனி அந்த நாட்டைப் பார்ப்போம். ஒலிம்பிக் பதக்கங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், ஒரு நாடு வெல்லும் பதக்கங்களின் எண்ணிக்கையை இரண்டு காரணிகள் பெருமளவு விளக்குகின்றன என்று காட்டியிருக்கிறார்கள். ஒன்று மக்கள்தொகை, மற்றொன்று தலா வருமானம். ஆட்கள் மிகுந்திருந்தால் திறமைசாலி கிடைக்கும் வாய்ப்பு மிகும். பணம் மிகுந்திருந்தால் அந்தத் திறமையை வளர்க்கும் வாய்ப்பு மிகும். இரண்டும் இல்லாத சிறிய நாடு, எப்போதோ பிறக்கும் ஓர் அபூர்வ மனிதருக்காகக் காத்திருக்க வேண்டும்.

இலங்கையின் அனுபவம் இதற்கு எடுத்துக்காட்டு. விடுதலை பெற்ற ஆறே மாதத்தில், 1948 லண்டன் ஒலிம்பிக்கில், டங்கன் வைட் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெள்ளி வென்றார். 1958-இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்று, அந்நாட்டின் முதல் ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார். ஆனால் இரண்டாவது ஒலிம்பிக் பதக்கத்துக்கு 52 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் சுசந்திகா ஜெயசிங்க அதைப் பெற்றார். இன்றுவரை அந்நாட்டின் ஒலிம்பிக் கணக்கு அந்த இரண்டோடு நிற்கிறது.

நீச்சலில் சிறிய நாடுகள் வென்ற கதைகளும் உண்டு. தென் அமெரிக்காவின் சூரினாம் நாட்டைச் சேர்ந்த ஆண்டனி நெஸ்டி, 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தங்கம் வென்றார். 2016-இல் அதே போட்டியில் வென்ற ஜோசப் ஸ்கூலிங், சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைத் தந்தார். இருவரும் அமெரிக்காவில் பயிற்சி பெற்றவர்கள். சிறிய நாட்டின் கொடி ஏறியது உண்மை. அதை ஏற்றிய கைகளை உருவாக்கியது பெரிய நாட்டின் குளமும் பயிற்றுநரும் என்பதும் உண்மை.

இந்தப் பின்னணியில்தான் ஆனந்தனின் பிற்காலச் சாதனைகளைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவை விந்தையாகவே தோன்றும். 1979 மே 2 முதல் 10 வரை, கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி அவர் இடைவிடாமல் சைக்கிள் ஓட்டினார். 187 மணி 28 நிமிடம். ஏறக்குறைய எட்டு நாள். அந்த நேரத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேல் சக்கரம் சுழன்றபடியே இருந்தது. 1980-இல் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். தூக்கிய கால் ஊன்றிய காலின் மீது படக்கூடாது, எதையும் பிடித்துக்கொள்ளவும் கூடாது என்பது அதன் விதி. நீரில் எதையும் தொடாமல், நிமிர்ந்த நிலையில் 80 மணி நேரம் மிதந்தார். இடைவிடாத நடனம், உயரக் கால் வீசுதல், படுத்தெழும் உடற்பயிற்சி ஆகியவற்றிலும் அவர் பெயர் பதிவானது.

இவற்றைக் கண்டு புன்னகைப்பவர்கள் உண்டு. ஒற்றைக் காலில் நிற்பதால் உலகுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. நூறு மீட்டரை முக்கால் நொடி முன்னதாக ஓடுவதால் மட்டும் என்ன பயன் என்று அவர்களைத் திருப்பிக் கேட்கலாம். விளையாட்டின் மதிப்பு அதன் பயனில் இல்லை. மனித உடலின் எல்லை எங்கே இருக்கிறது என்று காட்டுவதில் இருக்கிறது. அந்த எல்லையைத் தேடிய முனிவர்களின் கதைகளை நாம் பயபக்தியோடு கேட்டு வளர்ந்தவர்கள்தாம்.

மேற்சொன்ன சாதனைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு. எதற்கும் விளையாட்டரங்கம் வேண்டியதில்லை. விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பயிற்றுநர் வேண்டியதில்லை. ஒரு சைக்கிள், ஒரு பூங்கா, சாட்சிகள், கடிகாரம், இவ்வளவே போதும். பொருளியலின் மொழியில் சொன்னால், மூலதனம் அரிதான இடத்தில் உழைப்பு மிகுதியாகச் செலுத்தப்படும். ஏழை உழவர் டிராக்டருக்குப் பதிலாகத் தன் முதுகைச் செலவிடுவதைப் போல, வசதியற்ற நாட்டின் சாதனையாளர் தன் தூக்கத்தையும் தசையையும் செலவிடுகிறார். ஆனந்தன் தேர்ந்தெடுத்த துறைகள் எல்லாம் முதலீடு குறைவாகவும் உடற்செலவு மிகுதியாகவும் உள்ளவை. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சாதனைகளைப் பதிந்த கின்னஸ் நூலின் வரலாறும் இங்கு பொருத்தமானது. அயர்லாந்தின் மதுபான நிறுவனம் ஒன்றின் தலைவருக்கு, ஐரோப்பாவின் மிக விரைவான வேட்டைப்பறவை எது என்று எழுந்த ஐயத்தில் பிறந்த எண்ணம் அது. 1955-இல் முதல் பதிப்பு வந்தது. மதுக்கடை வாக்குவாதங்களைத் தீர்க்கவென்று தொடங்கிய நூல், சில பத்தாண்டுகளில் உலகெங்கும் எளிய மனிதர்களின் ஒலிம்பிக்காக மாறியது. தேர்வுக்குழு இல்லை, தகுதிச் சுற்று இல்லை, எந்த நாட்டவர் என்ற பேதமும் இல்லை. ஆனால் அந்தத் திறந்த கதவுக்கு ஓர் ஆபத்தும் இருந்தது. உடலை வதைத்துக்கொள்ளும் முயற்சிகள் பெருகின. தூங்காமல் விழித்திருக்கும் சாதனை போன்ற பிரிவுகளை, உடல்நலக் கேட்டைக் கருதி அந்த நூலே பின்னாளில் கைவிட்டது. பதிவு செய்பவருக்கும் பொறுப்பு உண்டு என்பதை உலகம் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தது.

ஆனந்தன் உடலின் எல்லைகளைத் தள்ளிக்கொண்டிருந்த ஆண்டுகளில், அவருடைய நாடு வேறொரு எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிரான வன்முறை கொழும்பிலும் நாட்டின் பல பகுதிகளிலும் பரவியது. உயிர் பிழைத்தவர்களில் பலர் பாக் நீரிணையைப் படகுகளில் கடந்து, ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் கரையேறினார்கள். 12 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சாதனைக்காக நீந்திய அதே நீரில், ஆயிரக்கணக்கானோர் உயிருக்காகப் பயணம் செய்தார்கள். அவர்களுக்கு நேரம் குறிக்க எவரும் இல்லை. அவர்கள் பெயர்கள் எந்த நூலிலும் ஏறவில்லை.

இலங்கையின் பெருமைப் பட்டியலில் இடம்பெற்ற தமிழர் ஒருவருடைய நிலை அந்த நாள்களில் எத்தகையது என்பதை நாம் ஊகிக்க முடியும். வெல்லும்போது அவர் நாட்டின் மைந்தர்; தெருவில் கும்பல் வழிமறிக்கும்போது அவரும் ஒரு தமிழர். சாதனையாளரைச் சொந்தம் கொண்டாடும் நாடு, அவரைப் பெற்ற சமூகத்தையும் சொந்தமாகக் கருதுகிறதா என்பதே எந்த விளையாட்டுப் பெருமிதத்துக்கும் உரைகல். அந்த உரைகல்லில் 1983-இன் இலங்கை தேறவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு ஆனந்தன் ஆங்கிலக் கால்வாய்க்குச் சென்றார்.

நெடுந்தொலைவு நீச்சலாளர்களுக்கு அந்தக் கால்வாய், மலையேறுபவர்களுக்கு எவரெஸ்ட் போன்றது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் சுமார் 33 கிலோமீட்டர். மேத்யூ வெப் என்ற மாலுமி 1875 ஆகஸ்டில் 21 மணி 45 நிமிடத்தில் அதை முதன்முதலில் நீந்திக் கடந்தார். நம் துணைக்கண்டத்திலிருந்து முதலில் கடந்தவர் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்த பிரஜன் தாஸ், ஆண்டு 1958. அதே ஆண்டு மிஹிர் சென்னும், மறு ஆண்டு ஆரதி சாகாவும் கடந்தார்கள்.

தொலைவைக் கணக்கிட்டால் ஆனந்தன் 1971-இல் நீந்தியதில் ஏறத்தாழ பாதிதான் அது. ஆனால் கால்வாயில் எதிரி தொலைவு அன்று, குளிர். பாக் நீரிணையின் நீர் பெரும்பாலும் 27, 28 பாகை செல்சியஸில் இருப்பது. கால்வாயின் நீரோ ஆகஸ்டிலும் 16 முதல் 18 பாகைதான். நீர், காற்றை விட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைப் பறிக்கிறது. கால்வாய் நீச்சலின் மரபுப்படி குளிர்காக்கும் உடை அணியக் கூடாது. சாதாரண நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி, உடலில் பூசும் கொழுப்பு, அவ்வளவே. குளிர் உள்ளே இறங்கும்போது முதலில் விரல்கள் விரியும், பிறகு கை வீச்சு குழறும், அடுத்து எண்ணம் குழம்பும். ஆபத்தின் உச்சியில் இருப்பவருக்கே தாம் ஆபத்தில் இருப்பது தெரியாது. மன உறுதி மிக்கவர்களுக்கு இதில் அபாயம் மிகுதி. ஏனெனில் நிறுத்தச் சொல்லும் உடலின் குரலை மீறுவதற்கே அவர்கள் தம்மைப் பழக்கியிருக்கிறார்கள்.

குளிருக்கு உடலைப் பழக்கலாம். ஆனால் அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும். மாதக்கணக்கில் அதில் இறங்கும் வசதி வேண்டும். டோவர் கரையில் பிறந்தவருக்கு அது வாசலில் கிடைக்கிறது. வெப்பக் கடலின் கரையில் பிறந்தவருக்கு அது விமானக் கட்டணம், தங்கும் செலவு, விடுப்பு, துணைப்படகு வாடகை என்ற வடிவில் வருகிறது. இயற்கை எல்லோருக்கும் ஒரே கால்வாயைத்தான் வைத்திருக்கிறது. அதன் கரைக்குப் போய்ச் சேரும் செலவோ எல்லோருக்கும் ஒன்று அன்று.

1984 ஆகஸ்ட் 6 அன்று அந்த முயற்சியில் ஆனந்தனின் உயிர் பிரிந்தது. கால்வாயை முதலில் வென்ற வெப்பும் நீரிலேயே முடிந்தவர். 1883 ஜூலையில் நயாகராவின் சுழல்களை நீந்திக் கடக்க முயன்று மாண்டார். ஒன்றை வென்றவர் அதைவிடப் பெரியதைத் தேடிப் போவதும், ஒருநாள் அது அவரை விழுங்குவதும் சாதனையின் பழைய இலக்கணம். அதை விதி என்று சொல்லி விட்டுவிடுவது நமக்கு எளிது. ஆனால் அவரைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டிருந்த கைத்தட்டல் நம்முடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பொருளியலில் பொதுப்பண்டம் என்றொரு கருத்து உண்டு. கலங்கரை விளக்கம் அதற்குப் பழைய எடுத்துக்காட்டு. அதன் ஒளியை ஒரு கப்பல் பயன்படுத்துவதால் மற்றொரு கப்பலுக்கு ஒளி குறையாது; பணம் தராத கப்பலுக்கு ஒளியை மறைக்கவும் முடியாது. ஆகவே எல்லோரும் பயன்பெறுவார்கள், எவரும் பணம் தரமாட்டார்கள். அரசோ சமூகமோ முன்வந்து செலவை ஏற்காவிட்டால் விளக்கு எரியாது.

சாதனையின் பெருமையும் அப்படிப்பட்டதே. ஆனந்தன் இருமுறை கடலைக் கடந்தபோது வல்வெட்டித்துறை பெருமைப்பட்டது, யாழ்ப்பாணம் பெருமைப்பட்டது, இலங்கை பெருமைப்பட்டது, தமிழகமும் பெருமைப்பட்டது. ஒருவர் பெருமைப்பட்டதால் மற்றவரின் பங்கு குறையவில்லை. அந்தப் பெருமைக்காக எவரும் கட்டணம் செலுத்தவும் இல்லை. ஆனால் இந்த விளக்கு ஒன்றில் மாறுபடுகிறது. எவரும் எண்ணெய் ஊற்றாவிட்டாலும் சில காலம் அது எரியும். தன் உடலையே எண்ணெயாக்கிக்கொள்ளும் ஒரு மனிதர் கிடைத்துவிட்டால். அப்படி எரியும் விளக்கைக் கண்டு, எண்ணெய் இல்லாமலே விளக்கு எரியும் என்று சமூகம் முடிவு செய்துவிடுகிறது. அதுதான் பெரும் பிழை.

ஆனந்தன் மறைந்த பின் அவருடைய கடலும் மூடப்பட்டது. போர் தொடர்ந்த கால் நூற்றாண்டில் பாக் நீரிணை கடற்படைக் கலங்களின் கண்காணிப்பில் இருந்தது. மீன் பிடிக்கவே தடைகள் இருந்த கடலில் நீந்துவது பற்றி யார் நினைப்பது? போருக்குப் பிந்தைய காலத்தில் வல்வெட்டித்துறையில் அவர் நினைவாக ஒரு நீச்சல் தடாகம் கட்டப்பட்டது. சிலையை விட அது நூறு மடங்கு பொருத்தமான நினைவுச் சின்னம். ஆனந்தன் சிறுவராயிருந்தபோது அப்படி ஒன்று அங்கே இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

தமிழகத்தின் கணக்கும் பெரிதும் வேறன்று. 1994-இல் பன்னிரண்டே வயதான குற்றாலீசுவரன் பாக் நீரிணையையும், அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாய் உள்ளிட்ட பிற நீரிணைகளையும் கடந்து, ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்தவர் என்று, மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தார். அர்ஜுனா விருதும் கிடைத்தது. ஆயினும் தொடர்ந்து செல்வதற்கான நிதி ஆதரவு கிடைக்காமல், சில ஆண்டுகளில் அவர் நீச்சலை விட்டுப் படிப்பின் பக்கம் திரும்பினார். பாராட்டு விழா நடத்த நமக்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஒரு விளையாட்டு வீரரைத் தாங்குவதற்குப் பத்தாண்டுகள் வேண்டும். நாம் விழாவைத் தேர்ந்தெடுக்கிறோம்.

ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உடைய மாநிலம் இது. மரக்காணம் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். ஒருபக்கம் கழுவெளியும் உப்பளங்களும், மறுபக்கம் வங்கக்கடல். நடுவே எக்கியார்குப்பம் போன்ற மீனவர் ஊர்கள். அங்குள்ள பிள்ளைகளுக்கு நீச்சல் யாரும் சொல்லித் தருவதில்லை. நடப்பதைப் போல அது தானே வந்துவிடுகிறது. அலையின் ஏற்ற இறக்கம் பார்த்துப் படகு தள்ளும் தோள்களும், இரவெல்லாம் வலை இழுக்கும் முதுகுகளும் அங்கே சாதாரணம். வெயிலில் உப்பு வாரும் பெண்களின் தாங்குதிறனை எந்தக் கடிகாரமும் அளந்ததில்லை.

ஆனால் எக்கியார்குப்பத்தின் பெயர் நாடறிய ஒலித்தது எப்போது? 2023 மே மாதத்தில், நச்சுச் சாராயம் குடித்து அங்கே பலர் மாண்டபோது. புயல், ஆழிப்பேரலை, நடுக்கடல் கைது, சாராயச் சாவு. கடலோர ஊர்கள் செய்தியில் இடம்பெறும் வழிகள் இவையாகவே இருக்கின்றன. அவர்கள் உடலின் வலிமை நம் கண்ணில் படுவதில்லை. அந்த உடல் விழும்போதுதான் நாம் திரும்பிப் பார்க்கிறோம். ஆனந்தனின் வாழ்க்கை இதற்கு நேர்மாறானது. ஒரு கடலோரச் சிற்றூரின் பெயரை அவர் தம் உடலின் வலிமையால் உலகுக்குச் சொன்னார். கடைசியில் உடல் விழுந்ததால் அவரும் செய்தியானார் என்பது வேறு துயரம்.

செய்யத்தக்கவை பெரிய காரியங்கள் அல்ல. கடலோர ஒன்றியம் ஒவ்வொன்றிலும், கடற்கரைப் பிள்ளைகள் கட்டணமின்றிப் பயிலத்தக்க ஒரு நீச்சல் குளமும் ஒரு பயிற்றுநரும் வேண்டும். கடலில் தானே கற்ற நீச்சலைப் போட்டிக்குரிய நீச்சலாக மாற்றுவதற்கு அது ஒன்றே வழி. அங்கு பயில்பவர்களில் பலர் வீரர்களாக மாட்டார்கள், உயிர்காப்பாளர்களாக ஆவார்கள். உலகில் ஆண்டுதோறும் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறப்பதாகவும், அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே அந்தக் குளத்துக்கான செலவு பதக்கத்துக்கான பந்தயப் பணம் அன்று, உயிருக்கான காப்பீடு. பதக்கம் வந்தால் அது வட்டி.

இரண்டாவது தேவை, நெடுந்தொலைவுச் சாதனை முயற்சிகளுக்கு விதிமுறை. மருத்துவச் சான்று, துணைப்படகில் தகுதியுள்ள மருத்துவர், நீரின் வெப்பநிலைக்கேற்ற முன்பயிற்சி, எல்லாவற்றுக்கும் மேலாக, நீந்துபவர் மறுத்தாலும் முயற்சியை நிறுத்தும் அதிகாரம் படைத்த ஒருவர். சிறுவர் சிறுமியரைச் சாதனைக்காக நீரில் இறக்கும் வழக்கம் பெருகிவரும் இந்நாளில் இது இன்னும் இன்றியமையாதது. நிறுத்தியவரைத் தோற்றவராகப் பார்க்கும் நம் வழக்கமும் அத்துடன் மாற வேண்டும். உரிய நேரத்தில் கரையேறியவருக்கு அடுத்த ஆண்டும் கடல் இருக்கிறது.

மூன்றாவது, சாதனை செய்தவருக்கு விழாவுக்குப் பிறகும் ஒரு வாழ்க்கை உண்டு என்பதை ஏற்பது. வேலை, மருத்துவம், அவர் அறிந்ததை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் வாய்ப்பு. இம்மூன்றும் உறுதியானால், ஒருவர் தம்மை நிலைநாட்டிக்கொள்ள ஒவ்வோர் ஆண்டும் முன்னைவிடக் கொடிய ஒன்றைத் தேடிப் போக வேண்டியதில்லை.

சிறிய நாடுகளும் எளிய ஊர்களும் முதல்வர்களைப் பெறுவது அரிது. பெற்றால், அவர்களைப் பற்றிய நூல்களில் மணியும் நிமிடமும் பிழையின்றிப் பதிவாகும். அவர்களுக்கு நாம் பட்ட கடன் மட்டும் எங்கும் பதிவாவதில்லை. ஆழிக்குமரன் ஆனந்தன் 51 மணி நேரத்தையும் 187 மணி நேரத்தையும் இறுதியில் தம் உயிரையும் வரவாக வைத்துச் சென்றார். செலவுப் பக்கத்தில் நாம் எழுதியது மிகச் சிறிது. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்ட பின் அவருக்கு நாம் எதையும் திருப்பித் தர இயலாது. அந்தக் கடனை, அவர் பிறந்தது போன்ற கரைகளில் இன்று அலையில் குதித்து விளையாடும் பிள்ளைகளிடம்தான் தீர்க்க முடியும்.